இரு பக்கமும் சிங்கம்

அத்தியாயம் 9

தனபாலின் பிஸ்கட் டப்பாவில் அந்த ஒரு காசு மட்டும் இல்லை. போன வாரம் அவனை அந்த நிலையில்தான் விட்டுவிட்டு வந்தோம். டப்பாவைத் தரையில் கவிழ்த்து, காகிதச் சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன் தனபால். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் செங்கோடன் வீட்டில்தான் இருக்கிறான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருக்கிற ஒரே பைத்தியம் சில்லறை.

பேங்கிலிருந்து காசுப் பைகளாக வாங்கி வருவான். ஜீப் பானெட் மேல் துண்டை விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டுவான். காசு அடிக்கிற ஆலையில் அச்சு தவறி விழுந்த காசு ஒன்றாவது சிக்காதா என்று பார்ப்பான். சிக்காவிட்டால் காகிதத்தில் சுருட்டி டீக்கடைகளுக்கு மாற்றிக் கொடுத்துவிடுவான். ஸ்டாண்டில் அவனைச் 'சில்லறை' என்றே கூப்பிடுவார்கள். அவனும் ஏன் என்று திரும்பிப் பார்ப்பான்.

வருஷக்கணக்காகத் தேடியதில் உருப்படியாக ஒன்று கிடைத்தது. பழைய தடித்த ஐந்து ரூபாய். ஒரு பக்கம் சிங்கம். திருப்பினால், எண் இருக்க வேண்டிய இடத்திலும் அதே சிங்கம், ஆனால் குழியாக, இடவலம் மாறி. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசு இப்படி விழுமாம். சேர்த்து வைக்கிறவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். விலை இன்னும் ஏறட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்தான்.

இப்போது அதை விற்க அவசரம் வந்துவிட்டது. அண்ணனின் அடிமுதுகில் படுக்கைப் புண்.

மாசியில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறினார் செங்கோடன். மூங்கில் ஏணி சறுக்கிவிட்டது. உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே எதுவும் பிழைக்கவில்லை. இப்போது கார்த்திகை. எஸ்டேட்டில் காப்பி பழுத்துக் கிடக்கிறது. அவர் அதே கட்டிலில் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அன்று காலையில் நர்ஸ் ஜோஸ்லின் வந்து புண் கட்டைப் பிரித்தாள். செங்கோடனின் மனைவி கவிதா வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"சிஸ்டர், எப்படீங்க இருக்குது?"

"மேல நல்லாத்தான் தெரியும் கவிதா. உள்ள போய்க்கிட்டே இருக்குது. இன்னும் கொஞ்சம் விட்டா எலும்பத் தொட்டுரும். அப்புறம் காச்சல் வரும், ரத்தத்துல கலந்துரும். நான் சொல்றது புரியுதுங்களா?"

"புரியுதுங்க."

"காத்தடிச்ச ஏர் பெட் இல்லாம நான் என்ன மருந்து வெச்சுக் கட்டினாலும் பிரயோசனமில்ல. எங்கயாவது பணம் பொரட்டுங்க."

ஜோஸ்லின் செருப்பை மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கினாள். தனபால் வாசலில் குந்தியிருந்தான்.

"அந்தக் காசு இருந்திருந்தா இன்னிக்கே வாங்கியாந்திருப்பேன் அண்ணி. எந்த நாசமாப் போனவன் எடுத்தானோ."

"எந்தக் காசு தம்பி? நேத்திருந்து காசு காசுங்கறீங்க. அந்த டப்பாவுல பூராவும் காசுதான?"

"இது தனிங்க. ரெண்டு பக்கமும் சிங்கம் இருக்கும். வெள்ளைக் காகிதத்துல தனியா மடிச்சு வெச்சிருந்தேன்."

கவிதாவின் கையில் இருந்த பாத்திரம் சாய்ந்து வெந்நீர் காலில் கொட்டியது. அவள் காலை நகர்த்தக்கூட இல்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் அடித்திருந்த ஆணியைப் பார்த்தாள். அதில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது.

"நாந்தான் எடுத்தேன் தம்பி."

செங்கோடன் விழுந்த அன்று சாயங்காலம் நடந்தது அது. அவரை வண்டியில் ஏற்றி சேலத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் ஓடி வந்து சேர்வராயன் சாமிக்குக் காசு முடிந்தாள். அவர் பிழைத்து, தன் காலால் நடந்து மலைக்கோயிலுக்கு வந்து, தன் கையால் உண்டியலில் போடுவார். அதுவரைக்கும் முடிச்சை யாரும் தொடக் கூடாது. இதுதான் வேண்டுதல்.

முடிகிற காசு புழங்கின காசாக இருக்கக் கூடாது. அதனால் டப்பாவில் துழாவினாள். அந்த வீட்டில் காசைக் காகிதத்தில் தனியாக மடித்து வைத்தால் அது சாமிக்கு எடுத்து வைத்தது என்றுதான் அர்த்தம். கொழுந்தன் எப்போதோ எடுத்து வைத்த காசு என்று நினைத்தாள். புளியும் கல்லுப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் முடிந்தாள். சிங்கத்தையும் பார்க்கவில்லை, எண்ணையும் பார்க்கவில்லை. புருஷன் பிழைப்பானா என்று தெரியாத பொம்பளைக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"அப்ப காசு ஊட்டுலதான் இருக்குதா!" தனபால் துள்ளி எழுந்தான். "அவுத்துக் குடுங்க அண்ணி. குப்பனூர் வழியா சேலத்துக்குக் காப்பி லோடு லாரி ஒண்ணு இறங்குது. அதுலயே போய்ட்டு வந்தர்றேன்."

"தொடாதீங்க."

"அண்ணி, சிஸ்டர் சொன்னத நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். அதுக்குன்னு முடிஞ்சதை அவுக்கறதா? அவரு உசுரு அதுலதான் இருக்குதுங்க."

"அவரு முதுகு இங்க அழுகிட்டு இருக்குதுங்க!"

சொன்ன பிறகு தனபால் நாக்கைக் கடித்துக்கொண்டான். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அவுத்துக் குடு கவிதா."

இருவரும் திரும்பினார்கள். மாதக்கணக்காக இவர்களிடம் வாய்விட்டு எதையும் கேட்காதவர் செங்கோடன். சோறு வைத்தால் இரண்டு வாய், வைக்காவிட்டால் அதுவும் இல்லை. இன்று தலையைத் தூக்கி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"அந்தப் பெட்டு எனக்கு வேணும் புள்ள. அவுத்துரு."

கவிதாவுக்கு அழுகை முட்டியது. கேட்டுவிட்டாரே என்று ஒரு பக்கம் சந்தோஷம். கேட்டது இதைத்தானா என்று ஒரு பக்கம் பயம். கூடையை எடுத்துக்கொண்டாள்.

"வேலைக்குப் போய்ட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்கப்படாது. சொல்லிட்டேன்."

கவிதா ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்த வீட்டில் எல்லாரும் அதற்குப் பழகியவர்கள். ஆனால் அன்று பழக்கம் உதவவில்லை.

அவள் தலை மறைந்ததும் செங்கோடன் தம்பியைக் கூப்பிட்டார்.

"அந்தத் துணிய எடுத்து என்ற கையில குடு."

"வேண்டாங்கண்ணா. அண்ணி கொன்னுபோடும்."

"எனக்குன்னு முடிஞ்சது. நானே அவுக்கறேன். பாவம் வந்தா என்னோட போவட்டும். குடு சாமி."

தனபாலுக்குத் தேவையும் இருந்தது, ஆசையும் இருந்தது. எடுத்துக் கொடுத்தான். செங்கோடன் மார்பின் மேல் துணியை வைத்து, நகத்தால் முடிச்சைக் கிளறினார். மஞ்சள் காய்ந்து துணி விறைத்திருந்தது. வெகுநேரம் ஆயிற்று. தம்பி உதவிக்குக் கை நீட்டியபோது தட்டிவிட்டார். கடைசியில் காசு வெளியே வந்து அவர் நெஞ்சில் விழுந்தது. அதை எடுத்துத் தம்பி கையில் வைத்து, கையை மூடினார்.

"பாத்துப் போய்ட்டு வா. அண்ணிய நல்லாப் பாத்துக்கோ."

தனபால் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். முதல் வார்த்தை காதில் விழுந்தது. இரண்டாவது விழுந்திருந்தால் அவன் கிளம்பியிருக்க மாட்டான்.

எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். தூறலில் செடி பூராவும் நனைந்து, கிளையை வளைத்தால் தண்ணீர் முகத்தில் கொட்டியது. கவிதாவுக்குப் பக்கத்துச் செடியில் சசிகலா. பக்கத்து வீட்டுக்காரி. கவிதா வேலைக்கு வந்து, சசிகலா உடம்புக்கு முடியாமல் வீட்டில் தங்குகிற நாட்களில், செங்கோடனுக்குத் தண்ணீர் கொடுப்பது இவள்தான்.

கவிதா காலையில் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல சசிகலாவின் கை நின்றுவிட்டது.

"அண்ணனே அவுக்கச் சொன்னாருங்கறியா?"

"ஆமாக்கா. வாயத் தொறந்து கேட்டதே இதுதான். அவருக்கும் ஆசை இருக்காதா? முதுகு வலிக்குதோ என்னமோ."

"அவருக்கு அங்க உணர்ச்சியே இல்லியே கவிதா."

கவிதா அடுத்த கிளையை வளைத்துப் பறித்தாள். சசிகலா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நானே சொல்லோணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. போன மாசம் எங்கிட்டயும் கேட்டாரு. 'அந்த முடிச்ச அவுத்து உடு சசிகலா, நான் போயிர்றேன்'னாரு. நான் சும்மா பேசறாருன்னு நெனச்சேன். அப்புறம் மறுக்காவும் கேட்டாரு. 'அவ முடிஞ்சு வெச்சிருக்கற வரைக்கும் எனக்குச் சாவு வராது. என்னக் கட்டி வெச்சிருக்கறா'ன்னு அழுதாரு. நான் பயந்துட்டு ஓடியாந்துட்டேன்."

கவிதாவின் மடியிலிருந்து பழம் சிந்தியது. காலையில் அந்தக் கண்ணில் வந்த தெளிவு என்னவென்று இப்போது விளங்கியது. படுக்கைக்காகக் கேட்கவில்லை. போவதற்காகக் கேட்டிருக்கிறார். கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொல்லவில்லை, கூடையை எடுக்கவில்லை. சேற்றில் சறுக்கியபடி வீட்டைப் பார்த்து ஓடினாள்.

சேலத்தில் மரியதாஸின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. பழைய நோட்டு, தபால்தலை, காசு வாங்கி விற்கிறவர். வாயில் பேச்சு குறைவு, கண்ணில் லென்ஸ் எப்போதும் உண்டு. தனபால் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரக்கு நெசந்தான். எங்க கெடச்சது?"

"பேங்க் பையிலங்க. நானே தேடி எடுத்தது."

"யாரு இதைத் தேச்சது?"

தனபால் விழித்தான்.

"புளி போட்டுத் தேச்சிருக்காங்க. உப்பும் போட்டிருக்காங்க. இங்க பாருங்க, சிங்கத்தோட மூஞ்சி பூராவும் கோடு." லென்ஸை அவனிடம் கொடுத்தார். "இந்தக் காசுக்கு வெலையே அந்தப் பழைய நெறந்தான் தம்பி. அது இருந்திருந்தா நானே இருபதாயிரம் குடுத்திருப்பேன். இப்ப அஞ்சு தரலாம். அதுவும் உங்க மூஞ்சியப் பாத்து."

லென்ஸில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. அண்ணி எவ்வளவு பயத்தில் தேய்த்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. தனபாலுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. விலை ஏறட்டும் என்று வருஷக்கணக்காகப் பூட்டி வைத்த தன் மேல்தான் வந்தது.

ஐந்தாயிரத்துக்கு ஏர் பெட் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. செல்போனை எடுத்தான்.

கவிதா வீட்டுக்குள் நுழைந்தபோது ஆணி வெறுமையாக இருந்தது. துணி கட்டிலுக்கடியில் கிடந்தது. செங்கோடன் தலை வாரியிருந்தார். சிரமப்பட்டுத் தானே வாரியிருக்கிறார். வகிடு கோணலாக இருந்தது.

"வந்துட்டியா புள்ள? கொஞ்சம் களி கிண்டறியா? பசிக்குது."

அவர் பசிக்கிறது என்று சொல்லி எத்தனை நாள் ஆயிற்று! அந்தச் சொல்லுக்காகவே ஏங்கிக் கிடந்தவள், அதைக் கேட்டு நடுங்கினாள்.

"கடைசியா ஒரு வாய் தின்னுட்டுப் போலாம்னுங்களா?"

செங்கோடன் பார்வையைக் கூரைக்குத் திருப்பினார்.

"சசியக்கா எல்லாத்தையும் சொல்லிருச்சு. ஏனுங்க, என்ன உட்டுப்போட்டுப் போறதுக்கு என்ற கையாலயே அவுக்கச் சொன்னீங்களா? உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா?"

"இருக்கறதுனாலதான் புள்ள. உன்னப் பாக்க முடியல. பொழுது விடிஞ்சா என் பீயும் மூத்தரமும். அப்புறம் எஸ்டேட்டு. திரும்பி வந்தா மறுக்காவும் அதே. நீ முடிஞ்சு வெச்சதுல நானும் சிக்கிக்கிட்டேன், நீயும் சிக்கிக்கிட்டே. நான் அவுத்துட்டேன். இனிப் போயிருவேன். நீ அழுவாத."

அவர் குரலில் துக்கமே இல்லை. ஊருக்குப் போகிற பஸ் வந்துவிட்டது என்பது போலச் சொன்னார். கவிதாவுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்துக் கதற வேண்டும் போலவும் இருந்தது.

அப்போதுதான் செல்போன் அடித்தது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் குடுத்துட்டாரு. நான் சேலத்துல இருக்கறேன். புளி போட்டுத் தேச்சதுல வெல கொறஞ்சுபோச்சாமா. ஒரு பெட்டுக்குத்தான் வரும். நீங்க வேண்டாம்னா திருப்பிக் கொண்டாந்தர்றேன். வித்துரட்டுங்களா?"

அவள் காதில் போனை வைத்துக்கொண்டே கட்டிலைப் பார்த்தாள். திருப்பிக் கொண்டுவரச் சொல்லலாம். மறுபடி முடிந்து, அவர் கண்ணில் படாத இடத்தில் மாட்டலாம். புண் எலும்பைத் தொடும். இல்லை, விற்றுவிடலாம். அப்புறம் இவர் ஒவ்வொரு பொழுதும் சாவை எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். சோறு இறங்காது. எதிர்பார்த்தே போய்விடுவார். அப்படிப் போனவர்களை அவள் கண்டிருக்கிறாள்.

"அது யாரு காசு தம்பி?" என்று கேட்டாள்.

"என்னங்க?"

"நீங்க தேடி எடுத்ததுதான? சாமிக்குன்னு எடுத்து வெச்சதில்லியே?"

"இல்லீங்க. விக்கறதுக்குத்தான் வெச்சிருந்தேன்."

"வித்துருங்க. பெட்டு வாங்கியாங்க."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"கேட்டீங்களா? அது அடுத்தவங்க காசு. கேக்காம எடுத்தது. திருட்டுக் காசுல முடிஞ்ச முடிச்சு எந்தச் சாமிக்கும் சேராதுங்க. அந்தத் துணி சும்மா தொங்கிச்சு. உங்கள எதுவும் கட்டி வெக்கல."

செங்கோடனின் புருவம் சுருங்கியது.

"அப்ப இத்தனை மாசமா..."

"இத்தனை மாசமா நீங்களாத்தான் உசுரோட இருந்தீங்க. யாரும் புடிச்சு வெக்கல. அவுத்துட்டா போயிரலாம்னு நெனச்சீங்கல்ல? அவுக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்க."

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உதடு கோணியது. விழுந்த அன்றும், நடக்க முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றும் கண் கலங்காத மனிதர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விம்மினார்.

"அப்பறம் நான் எப்படிப் புள்ள போறது?"

அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு கவிதாவும் அழுதாள். பிறகு எழுந்து போய்க் களி கிண்டினாள். அவர் ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குத் தனபால் அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தான். சசிகலாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, மூன்று பேருமாக அண்ணனைப் புரட்டி, பெட்டை அடியில் விரித்தார்கள். மோட்டாரைப் போட்டதும் பெட்டின் காற்றறைகள் ஒவ்வொன்றாக உப்பின. செங்கோடனின் உடம்பு மெல்ல மேலே எழும்பியது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நல்லாருக்குதுங்களாண்ணா?"

"ம்."

தனபால் காலையில் வாசலைத் தாண்டிய அந்தத் தம்பி அல்ல. சசிகலா வழியிலேயே அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றான். இனி எந்தக் காசுப் பையையும் பிரிக்கப்போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அது நடக்குமா என்பது அவனுக்கே தெரியாது.

சசிகலா வீட்டுக்குப் போனாள். தனபால் காலையிலிருந்து வாசலில் நின்ற ஜீப்பை ஓரங்கட்ட வெளியே போனான்.

கவிதா தன் பர்ஸைத் திறந்தாள். கூலியில் மிஞ்சிய சில்லறையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தாள். இந்த முறை விளக்குப் பக்கம் கொண்டுபோய் இரண்டு புறமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் எண். குறையில்லாத காசு. அவள் உழைத்த காசு. புழங்கின காசுதான், இருக்கட்டும் என்று நினைத்தாள்.

காசைக் கழுவினாள். கட்டிலுக்கடியில் கிடந்த துணியை அலசி, மஞ்சள் கரைத்து நனைத்தாள். கிழக்கே பார்த்து நின்று கண்ணை மூடி, உதடு அசைய என்னவோ சொன்னாள். முடிந்தாள். ஆணியில் மாட்டவில்லை. தாலிக்கொடியோடு சேர்த்துக் கட்டி, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். இனி அதை யாரும் அவளைக் கேட்காமல் அவிழ்க்க முடியாது.

செங்கோடன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவிதா."

"என்னுங்க."

"என்னன்னு வேண்டிக்கிட்டே?"

அவள் விரிந்து கிடந்த போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

"நான் இருக்கோணும்னா? இல்ல, கஷ்டமில்லாம போயிரோணும்னா?"

"வேண்டுதல வெளிய சொல்லப்படாதுங்க" என்றாள் கவிதா.

செங்கோடன் அவள் முகத்தையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த முகம். கோபமா, அழுகையா என்று அவள் வாய் திறக்குமுன்பே சொல்லிவிடுவார். இன்று அதில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை.